நேராக ஆண்டவரிடமே ஜெபிக்கிறேன். மாதாவை விட்டுவிட்டேன் என்று அம்மா நினைப்பாரோ?

கடலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே கடற்கரையில் இருக்கிறது. சாயங்காலம் கோவில் மணி அடித்தால் வீட்டில் எல்லாரும் பாயில் உட்கார வேண்டும். பலகையில் அடித்த சின்னப் பீடம், நடுவில் பனிமய மாதா, ஒரு பக்கம் சூசையப்பர், மறு பக்கம் குழந்தை இயேசுவைக் கையில் வைத்த அந்தோனியார், மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அம்மா செபமாலையைத் தொடங்குவார், நாங்கள் பதில் சொல்வோம். பரீட்சையா, மாதாவே. தங்கைக்குக் காய்ச்சலா, மாதாவே. சாவி தொலைந்ததா, அந்தோனியாரே. ஆண்டவரிடம் நேராக எதையாவது கேட்டதாக எனக்குச் சின்ன வயதில் ஞாபகமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, பிறகு கிட்னியும் போனது. அம்மா உவரி அந்தோனியாருக்கு 13 செவ்வாய்க்கிழமை வருவதாக நேர்ந்துகொண்டு, திருச்செந்தூரில் பஸ் மாறி, ஒரு வாரம்கூட விடாமல் போய்க்கொண்டிருந்தார். 10 செவ்வாய் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார்.

அதற்கு முந்தைய இரவு நான் ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். இரண்டு மணி இருக்கும். பாக்கெட்டிலிருந்து செபமாலையை எடுத்தேன், மூன்று முத்துக்கு மேல் வாய் வரவில்லை. 'ஆண்டவரே' என்று மட்டும் சொன்னேன். அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் யாருமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அன்றிலிருந்து என் ஜெபம் அப்படித்தான். காலையில் ஒரு திருப்பாடல் படிப்பேன், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு பூசையை விட்டதில்லை. ஆனால் செபமாலையைத் தொடவில்லை, எந்தப் புனிதரிடமும் எதையும் கேட்கவில்லை. நேற்று போனில் அம்மா "தினமும் செபமாலை சொல்றியா ராசா?" என்றார். "சொல்றேம்மா" என்று பொய் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை.

நான் செய்வது தப்பா? கத்தோலிக்கனாக இருந்துகொண்டு இப்படி நேராக மட்டும் ஜெபிக்கலாமா?

வேதவாசகன்:
பிரதர், உங்கள் தகப்பனாரின் மரணத்துக்காக வருந்துகிறேன். நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன், ஆனால் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில்தான். அதனால் உங்கள் வீட்டுப் பீடம் எனக்கு அப்படியே கண்ணில் தெரிகிறது.

நீங்கள் செய்வது தப்பு என்று யாராவது சொன்னால் வேதத்தைத் திறந்து காட்டுங்கள். 'தேவன் ஒருவரே, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே', 1 தீமோத்தேயு 2:5. இயேசு சிலுவையில் ஜீவனை விட்டபோது, ஜனங்கள் தேவசந்நிதிக்குள் போகாதபடி மறைத்திருந்த தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. கிழிந்த திரையை நாமே ஏன் மறுபடி தைத்துத் தொங்கவிட வேண்டும்? கிருபாசனத்தண்டைக்கு, அதாவது தேவனுடைய சிங்காசனத்துக்கு அருகே, தைரியமாய்ச் சேரலாம் என்று எபிரெயர் 4:16 சொல்கிறது. யோவான் 16-இல் இயேசுவே, உங்களுக்காக நான் பிதாவிடம் கேட்டுக்கொள்வேன் என்றுகூடச் சொல்லவில்லை, பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார் என்கிறார். இதைவிட நேரான வழி என்ன இருக்கிறது?

மரியாளை நான் அவமதிக்கவில்லை, அந்தத் தாயைப் போல விசுவாசித்தவர் யார்? ஆனால் மரித்தவர்களிடம் கேட்கும்படி வேதத்தில் ஒரு கட்டளையும் இல்லை. ஐசியு வாசலில் நீங்கள் கண்டதுதான் உண்மை. அதை விட்டுவிடாதீர்கள்.

உபதேசியார் பேத்தி:
தம்பி, அப்பாவின் ஆன்மா இளைப்பாறட்டும். பிறகு, முதலில் பயத்தை விடுங்கள். கத்தோலிக்கர் நேராக ஜெபிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் திருச்சபையின் மிகப் பெரிய ஜெபமே நேராகத்தான் போகிறது. பூசையில் குருவானவர் சொல்லும் நற்கருணை மன்றாட்டைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். அது தந்தையைப் பார்த்துச் சொல்வது, கிறிஸ்து வழியாக, தூய ஆவியில். மாதா பெயரும் புனிதர் பெயரும் நடுவே வரும், ஆனால் பேச்சு முழுவதும் தந்தையோடுதான்.

என் தாத்தா 40 வருடம் உபதேசியாராக இருந்தவர். மன்றாட்டு மாலை சொல்லும்போது எங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்பார், "இப்ப என்ன பதில் சொன்னே?" என்று. பிதா, சுதன், தூய ஆவி என்று கூப்பிடும் வரைக்கும் பதில் 'எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி'. 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்றதும் பதில் மாறிவிடும், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'. மாதாவிடம் 'இரட்சியும்' என்று வாய் தவறிச் சொன்ன பிள்ளைக்குத் தலையில் ஒரு குட்டு விழும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் எத்தனையோ பேர் அந்த இரண்டு பதிலையும் மாற்றாமல் சொல்லிச் சொல்லியே வேதத்தைக் கற்றார்கள்.

வேதவாசகன் சகோதரருக்கு: நீங்கள் காட்டிய வசனத்துக்கு நாலு வசனம் மேலே போங்கள். எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதானே பவுல் அந்த அதிகாரத்தையே தொடங்குகிறார்? ஒருவருக்காக இன்னொருவர் மன்றாடுவது கிறிஸ்துவின் இடத்தைப் பிடிப்பதானால் பவுலே அதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் சபையிலும் 'எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் பாஸ்டர்' என்று கேட்கிறீர்கள்தானே?

பூசைத் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எப்போதும் கன்னியான மரியாளையும், வானதூதர் புனிதர் அனைவரையும், 'சகோதர சகோதரிகளே உங்களையும்' எனக்காக வேண்டிக்கொள்ள மன்றாடுகிறேன் என்கிறோம். ஒரே வாக்கியத்தில் மாதாவும் வருகிறார், பக்கத்து பெஞ்சில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவரும் வருகிறார். இரண்டு பேரிடமும் கேட்பது ஒன்றைத்தான்.

வேதவாசகன்:
அக்கா, மரியாதையோடு சொல்கிறேன். பாஸ்டர் உயிரோடு இருக்கிறார், நான் கேட்டால் அவர் காதில் விழுகிறது. மரித்தோர் ஒன்றும் அறியார்கள் என்கிறது பிரசங்கி 9:5. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே நேரத்தில் வேளாங்கண்ணியில் லட்சம் பேர், போர்த்துகலில் லட்சம் பேர், மெக்சிகோவில் லட்சம் பேர் கூப்பிடுகிறார்கள். அத்தனையும் கேட்க வேண்டுமானால் அவர் சர்வவியாபியாக இருக்க வேண்டும். அது தேவனுடைய குணம் அல்லவா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கேள்வி இது. விதண்டாவாதத்துக்காகக் கேட்கவில்லை.

சாந்தோம்78:
நல்ல கேள்வி, நழுவாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நான் சில வருடம் குருமடத்தில் படித்துவிட்டு வெளியே வந்தவன், அங்கே இதை நாங்களும் கேட்டோம்.

முதலில் 'மரித்தோர்'. ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள் என்று சொல்லிவிட்டு, அவர் வாழ்வோரின் கடவுள் என்கிறார் இயேசு (மத்தேயு 22:32). கிறிஸ்துவுக்குள் இறந்தவர் அவரோடு உயிரோடு இருக்கிறார் என்பதுதான் நம் அடிப்படை. திருவெளிப்பாடு 5:8-இல் 24 மூப்பர்கள் கையில் பொற்கிண்ணம் இருக்கிறது, அதில் நிறைந்திருக்கும் சாம்பிராணி இறைமக்களின் வேண்டுதல்கள் என்று எழுதியிருக்கிறது. 2 மக்கபேயர் 15-இல் எரேமியா இறந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மக்களுக்காக மன்றாடுவது ஒரு காட்சியாக வருகிறது. அந்த நூல் உங்கள் வேதாகமத்தில் இல்லை, அதனால் அதை வைத்து உங்களிடம் வாதாட மாட்டேன். ஆனால் எங்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

இரண்டாவது, எப்படிக் கேட்கிறது? புனிதர்களுக்கு அவர்களுடைய சொந்தக் காது போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் தோமையார் சொன்ன பதில் இதுதான்: அவர்கள் கடவுளை நேருக்கு நேர் காண்கிறார்கள், நம் மன்றாட்டை அவர் காட்டுவதால் அறிகிறார்கள். அதாவது 'மாதாவே' என்று நான் கூப்பிடும் சத்தமும் முதலில் கடவுளிடம்தான் போகிறது. அவருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக யாரிடமும் போவதில்லை.

கடலோரம் தம்பிக்குத் தேவையான செய்தி இனிமேல்தான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1563 டிசம்பரில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த லூத்தர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலாகவே இதைப் பற்றிப் பேசியது. புனிதர்களை வேண்டிக்கொள்வது 'நல்லது, பயனுள்ளது' என்றது. அவ்வளவுதான். அப்படிச் செய்யாத ஒருவனுடைய ஜெபம் கடவுளிடம் போய்ச் சேராது என்று சொல்லவே இல்லை. எதிர்த்தரப்பையும் சரியாகச் சொல்ல வேண்டும்: 1530-இல் லூத்தரன்கள் வைத்த ஆக்சுபர்க் அறிக்கைகூடப் புனிதர்களை மறந்துவிடச் சொல்லவில்லை. அவர்களுடைய விசுவாசத்தை நினைத்துப் பின்பற்றலாம், அவர்களைக் கூப்பிட்டு உதவி கேட்க வேதத்தில் இடமில்லை என்றது. ஆக, சண்டை ரொம்பக் குறுகலான ஓர் இடத்தில்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய ஏட்டில் மரியாவுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கி, அவரைப் பரிந்து பேசுபவர், இடைநிலையாளர் என்றெல்லாம் அழைப்பது கிறிஸ்து என்ற ஒரே இடைநிலையாளரின் மேன்மையில் எதையும் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது என்று எழுதியது. இப்போது 2025 நவம்பரில் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் திருத்தந்தை 14-ஆம் லியோவின் ஒப்புதலோடு ஒரு குறிப்பு வெளியிட்டது. மரியாவை 'இணைமீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் சிலருக்கு அது கசப்பாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிழக்குத்தெரு:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வசனம், சங்கம், ஏடு எல்லாவற்றையும் படித்தேன். என் கதை வேறு மாதிரி.

என் அப்பா குடிப்பார். குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டை உருவுவார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டாலே நானும் அண்ணனும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவோம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொல்லிக் கொடுத்தபோது எனக்கு ஏழு வயது. பிதா என்றால் என்ன சிஸ்டர் என்று கேட்டேன். அப்பா என்றார். அன்றைக்கு அந்த ஜெபத்தைச் சொல்லவில்லை, அப்புறமும் ரொம்ப நாள் உதட்டை மட்டும் அசைத்தேன். மேலேயும் ஒரு அப்பா இருக்கிறாரா, அவருக்கும் எல்லாம் தெரியுமா என்று வயிற்றைக் கலக்கும்.

எங்கள் கோவிலில் இடது பக்கப் பீடத்தில் ஆரோக்கிய மாதா சுரூபம் இருந்தது. சேலை கட்டி, தலையில் கிரீடம் வைத்து, கையில் பிள்ளையோடு. அவரிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் கை உடைந்ததைச் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்ற பயம் அங்கே இல்லை.

எனக்கு 26 வயதில் ஒரு தியானக் கூட்டத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முதல்முறையாக அந்த ஜெபத்தை முழுதாகச் சத்தமாகச் சொன்னேன். 'பிதாவே' என்ற வார்த்தை தொண்டையில் நிற்கவில்லை. அத்தனை வருடம் மாதா மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவிடம் விட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. இன்றைக்கு நான் நேராகவும் ஜெபிக்கிறேன், மாதா வழியாகவும் ஜெபிக்கிறேன்.

வேதவாசகன் அண்ணா, நேராகப் போ என்று சொல்வது சுலபம். எல்லாருக்கும் அந்த வாசல் ஒரே மாதிரி தெரிவதில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதவாசகன்:
சகோதரி, இதற்கு என்னிடம் வசனம் இல்லை. கர்த்தர் உங்களைத் தேற்றினார் என்று நம்புகிறேன். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

நெய்தல்வாசி:
நான் கத்தோலிக்கன், மாதா பக்தன், ஆனாலும் எங்கள் பக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரசங்கத்தில் காலங்காலமாக ஓர் உவமை சொல்கிறார்கள். 'கலெக்டரை நேராகப் பார்க்க முடியுமா? தெரிந்த ஆள் வழியாகத்தானே போவோம், மாதா அந்த மாதிரி.' சிறு வயதிலிருந்து இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது கடவுளை என்னவாக ஆக்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். மனு கொடுத்தால் வாங்காதவர், ஆள் பார்த்துக் காரியம் செய்பவர், சிபாரிசு இல்லாதவனை வராந்தாவிலேயே நிற்க வைப்பவர். ஊதாரி மகனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த அப்பாவைப் பற்றி இயேசு சொன்னாரே, அந்த அப்பாவிடம் போக யாருக்குச் சிபாரிசு வேண்டும்?

கானாவூரில் மாதா செய்தது சிபாரிசு இல்லை. கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்தது, அதை முதலில் கவனித்தவர் அவர், மகனிடம் சொன்னார். பிறகு வேலைக்காரர்களிடம் 'அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். யோவான் நற்செய்தியில் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதைவிட எனக்கு வலிப்பது நேர்ச்சை பயம். எங்கள் சித்தி ஒரு நேர்ச்சையைச் செலுத்த முடியாமல் போய், அடுத்த வருடம் மாடியில் வழுக்கி விழுந்தார். 'அந்தோனியார் கேட்டு வாங்கிட்டார்' என்று ஊரே சொன்னது. சித்தியும் சாகும் வரை அதையே நம்பினார். ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பதைத் தன் பெயரால் உலகம் முழுக்க நடத்திக்கொண்டிருக்கும் ஒரு புனிதரைக் கந்துவட்டிக்காரர் மாதிரி ஆக்கிவிட்டோம். இந்த ஜெபத்தை 9 பிரதி எடுத்துக் கொடு, கொடுக்காவிட்டால் கெடுதல் என்று கோவில் பெஞ்சில் சீட்டு கிடக்கிறதே, அது விசுவாசமா? வெளியே இருப்பவர்கள் எங்களைக் கேள்வி கேட்டால் இதற்காகக் கேட்கட்டும். நாங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடலோரம்:
எல்லாருக்கும் நன்றி. கிழக்குத்தெரு அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதனால்தானோ என்னவோ 'ஆண்டவரே' என்பது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. இதை நான் யோசித்ததே இல்லை.

நெய்தல்வாசி அண்ணன் எழுதியது நேராக எங்கள் வீட்டுக் கதை. அம்மாவுக்கு இன்னும் மூன்று செவ்வாய் பாக்கி இருக்கிறது. 'முடிக்காததால் அப்பா ஆன்மாவுக்குச் சிரமமோ' என்று தங்கையிடம் கேட்டாராம். நான் ஒரு வாரம் வண்டி வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டேன், அதனால்தான் அந்தோனியார் கேட்கவில்லையோ என்று எனக்கே ஒரு நாள் தோன்றியது. அதற்கு என்ன செய்வது?

சாந்தோம்78:
இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1191-ஆம் எண்ணில், நேர்ச்சை என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி என்கிறது. உவரிக்கு நேர்ந்தாலும், புளியம்பட்டிக்கு நேர்ந்தாலும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்தாலும் வாக்கு கொடுத்தது கடவுளிடம். கடன் வசூலிக்கும் வேலை எந்தப் புனிதருக்கும் இல்லை. அதே தொகுப்பில் 1196-ஆம் எண், தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே தன் பங்கு மக்களைத் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது. ஐந்து நிமிட வேலை. அப்பாவின் உயிர் அம்மாவின் பஸ் பயணத்திலும் உங்கள் வண்டியிலும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

செபமாலை பற்றி ஒன்று. லிசியேவின் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் கார்மல் மடத்துக் கன்னியர், மாதாமேல் அவ்வளவு அன்பு உள்ளவர். அவரே தன் குறிப்பில், செபமாலை சொல்வது உடம்பை வருத்தும் தவக்கருவி ஒன்றை அணிவதைவிடத் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு முயன்றாலும் மனம் அதில் நிற்கவில்லையாம். முதலில் அதற்காக வருந்தினார், பிறகு மாதாவுக்கு என் நல்ல மனது தெரியும் என்று அமைதியானார். மனம் வறண்டுபோகும்போது ஒரே ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் ஒரு அருள் நிறைந்த மரியையும் மெல்ல மெல்லச் சொல்வாராம். அவர் புனிதர், திருச்சபையின் மறைவல்லுநர். மூன்று முத்தில் நின்றுபோன நீங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மடுவழி:
நான் இலங்கையில் மன்னார்ப் பக்கம். இங்கே வசனச் சண்டை போட எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

சண்டைக் காலத்தில் இங்கே மடு மாதா கோவில் வளவுக்குள்ளே எவ்வளவோ சனம் அடைக்கலமாக இருந்தது. 1999 நவம்பரில் அதற்குள்ளேயே ஷெல் விழுந்து ஆட்கள் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோவிலுக்குக் கிட்ட வந்தபோது, குருமார் மாதாவின் சுரூபத்தையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்துவிட்டா என்று என் அம்மம்மா சொன்னா. அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை, அழுதுகொண்டு சொன்னது.

காப்பாற்றச் சொல்லிக் கேட்டோம், எல்லாரும் காப்பாற்றப்படவில்லை. நேராகக் கேட்டவர்களும் செத்தார்கள், மாதா வழியாகக் கேட்டவர்களும் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஏன் ஆவணித் திருவிழாவுக்கு இவ்வளவு சனம் போகிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரர் என்னைக் கேட்டார். சிலுவை அடியில் நின்ற தாயாலும் மகனை இறக்கிவிட முடியவில்லை, ஆனால் அவ விட்டுப் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அங்கே போய் அவவோடு நிற்கிறார்கள். சைவச் சனமும் வந்து நிற்கிறது. காரியம் கேட்கத்தான் போகிறோம் என்று நினைத்தால் மடுவை விளங்கிக்கொள்ள ஏலாது.

தம்பி, உங்கட அம்மாவும் இப்போது புருஷனைப் பறிகொடுத்தவ. அவ செபமாலையில் என்ன செய்கிறா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

வேதவாசகன்:
இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் நிலைப்பாடு மாறவில்லை, மரியாளிடமோ புனிதர்களிடமோ நான் எதையும் கேட்க மாட்டேன். என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். என் அம்மா இறந்தபோது இரவு முழுக்க வீட்டில் உறவுக்காரர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். நான் உள்ளே போகாமல் தெருவில் வேப்ப மரத்தடியில் நின்றேன். அதைச் சாட்சி என்று நினைத்தேன். நானும் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஒன்பது வருடமாகிறது. கடலோரம் பிரதர், கொள்கை எப்படி இருந்தாலும் அம்மாவோடு பேச்சை அறுத்துவிடாதீர்கள்.

உபதேசியார் பேத்தி:
சகோதரா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். உங்கள் அம்மாவை இன்று பூசையில் நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை என்று தெரியும், சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கடலோரம்:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஊருக்குப் போயிருந்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். செபமாலை சொல்வதில்லை, ஆனால் ஜெபிக்காமல் இல்லை, ஆண்டவரோடு மட்டும் இருக்கிறேன் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். கோபமா என்று கேட்டேன். "ஆண்டவர்கிட்ட இருக்கேங்கிறே, அதுக்கு எதுக்குக் கோபப்படப் போறேன், பொய் சொன்னதுக்குத்தான்" என்றார்.

மடுவழி அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். செபமாலையில் என்ன செய்வீர்கள் என்று. அம்மா சொன்ன பதில் நான் எதிர்பார்த்ததே இல்லை. "எங்கே சொல்லி முடிக்கிறேன்? முதல் பாதியை நான் சொல்லிருவேன், அடுத்த பாதி வராது" என்றார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்திலும் முதல் பாதி எப்போதும் அம்மா, 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்ற அடுத்த பாதி அப்பா. நாங்கள் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு 14 வருடம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அம்மா தன் பாதியைச் சொல்லிவிட்டு, அப்பா குரல் வரும் என்று பழக்கத்தில் நிறுத்துகிறார். அங்கேயே நின்றுபோகிறது. பாதி நாள் செபமாலையின் இரண்டாவது பத்து முத்திலேயே நிறுத்திவிட்டுப் படுத்துவிடுகிறார்.

பங்குத்தந்தையைப் பார்த்தோம். சாந்தோம் அண்ணன் சொன்ன மாதிரியே அவரும் சொன்னார், விடுவிக்கத் தயாராக இருந்தார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "பயத்துல போகல சாமி, போகணும்னு இருக்கு" என்றார். முதல் செவ்வாய் நான்தான் உவரிக்குக் கூட்டிப்போனேன். அம்மா அந்தோனியார் முன்னால் முட்டி போட்டிருந்தார், நான் பின்னால் நற்கருணைப் பேழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மீதி இரண்டுக்குத் தங்கை போகிறாள்.

என் காலை ஜெபம் மாறவில்லை, திருப்பாடலும் அந்தப் பத்து நிமிடமும்தான். எந்தக் காரியத்துக்கும் புனிதர்களிடம் கேட்க இன்னும் எனக்கு வரவில்லை, வந்தால் வரட்டும். ஆனால் இப்போது தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறேன். முதல் பாதி அவர், அடுத்த பாதி நான். நேற்று துயர மறைபொருள், நாலாவதில் சிக்னல் போய்விட்டது. மொட்டை மாடிக்கு ஓடிப்போய் மறுபடி கூப்பிட ஆறேழு நிமிடம் ஆனது. எடுத்தவுடன் அம்மா ஹலோகூடச் சொல்லவில்லை, "ஏழாவது முத்து, உன் பாதி" என்றார்.